ஐந்து எண்களில் முதல் எண்

அம்மா குளியலறையில் விழுந்த செய்தி எனக்கு அவள் விழுந்த அன்று வரவில்லை. மறுநாள் போனில், மாவு சரியாகப் புளிக்காததற்கும் எதிர் வரிசையில் நடந்த கல்யாணத்துக்கும் நடுவே வந்தது. “நேத்து கொஞ்சம் விழுந்துட்டேன்” என்றாள். கொஞ்சம் விழுவது எப்படி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் குடும்பத்தில் மாடியிலிருந்து விழுந்தாலும் கொஞ்சம்தான் விழுவோம்.

விசாரித்ததில் மெதுவாக மீதியும் வெளியே வந்தது. எங்கள் வீடு கோலார் தங்க வயலின் சாம்பியன் ரீப்ஸில், சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய லைன் வீடு. ஒரே நீளக் கூரை, அதன் கீழே வரிசையாகக் கதவுகள், ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அப்பா தரைக்குக் கீழே வேலை பார்த்து, சுரங்கத்தை மூடிய பிறகும் அதே வீட்டில் இருந்து, அங்கேயே போய்ச் சேர்ந்தார். குளியலறை பின்பக்கம், படி இறங்கிப் போக வேண்டும். அங்கிருந்து கத்தினால் அக்கம்பக்கத்துக் கோழிகளுக்கு மட்டும் கேட்கும். அவை வந்து பார்த்தனவாம். பார்த்துவிட்டுப் போய்விட்டனவாம்.

அம்மாவைத் தூக்கி உட்கார வைத்தவள் பக்கத்து வீட்டு அத்தை. அவளும் உதவி செய்ய வரவில்லை, சண்டை போட வந்தாள். தண்ணீர் வந்த நாளில் அம்மாவின் டிரம் அவள் வாசலில் அரை முழம் ஏறி நின்றிருக்கிறது. “இன்னாக்கா, டிரம்மு உனுதா, வாசலு எனுதா?” என்று கேட்டுக்கொண்டே பின்பக்கம் வந்தவள், தரையில் கிடந்தவளைப் பார்த்து வாக்கியத்தை மாற்றிக்கொண்டாள்.

அந்த வாரமே நான் ஊருக்குப் போனேன். நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். அங்கே நான்காவது மாடியில் எனக்கும் மனைவிக்கும் ஒரு வீடு இருக்கிறது.

“பேசாம எங்களோட வந்துடும்மா” என்றேன்.

“வந்து?”

“இரு.”

“இங்க அதத்தானடா பண்ணிகினு கீறேன்.”

இதற்குப் பதில் சொல்ல எத்தனையோ தத்துவப் புத்தகங்களைப் படித்திருக்கிறேன். ஒன்றும் உதவவில்லை. முன்பு ஒருமுறை வந்து எங்களோடு தங்கியவள்தான். லிஃப்டில் ஏறியதும் சுற்றிலும் பார்த்துவிட்டு, “கேஜு மாதிரி கீது” என்றாள். சுரங்கத்தில் ஆட்களை இறக்கி ஏற்றுகிற கூண்டுக்குத்தான் கேஜ் என்று பெயர். “உங்கப்பா கேஜுல போனாருன்னா ஷிஃப்டு முடிஞ்சி வந்துடுவாரு. நீங்க மேலயே கீறீங்களே, எப்ப எறங்குவீங்க?” எங்கள் குடியிருப்பைப் பற்றி இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் கேட்டதில்லை. கிளம்பும் நாள்வரை அவள் பெட்டியைப் பிரிக்கவே இல்லை.

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். விழுந்தால் பொத்தானை அழுத்திக் கூப்பிடும் அபாயத் தொலைபேசி ஒன்று வாங்கி வைப்பது. ஒரு மாதம் பார்ப்பது. அது ஒழுங்காக வேலை செய்தால் அம்மா இங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் டிரங்குப் பெட்டியோடு பெங்களூருக்கு வர வேண்டும். வந்து, பெட்டியைப் பிரிக்கவும் வேண்டும். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு “சரி” என்றாள். அந்தச் சரியில் இருந்த பயம் எனக்குப் புரிந்தது. மனசாட்சி உறுத்தியதால் இருப்பதிலேயே பெரிய பொத்தான்கள் உள்ள தொலைபேசியாகப் பார்த்து வாங்கினேன்.

பொருள் வந்து சேர்ந்ததும் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். மேசைமேல் வைக்கும் ஒரு தொலைபேசி, சிம் கார்டு போட வேண்டியது. கூடவே கழுத்தில் மாட்டிக்கொள்ள, கயிறு கோத்த வட்டமான ஒரு வில்லை. அதன் நடுவில் சிவப்புப் பொத்தான். பொத்தானை அழுத்தினால் மேசைமேல் இருக்கும் தொலைபேசி ஐந்து எண்களை வரிசையாகக் கூப்பிடும். முதல் ஆள் எடுக்காவிட்டால் இரண்டாவது, அவரும் எடுக்காவிட்டால் மூன்றாவது. யாராவது எடுத்ததும் நின்றுவிடும். ஐந்து பேரைப் பதிவு செய்து கொடுப்பது மட்டும்தான் என் வேலை. ஆயிரம் பக்க ருஷ்ய நாவல்களில் வரும் அத்தனை பேரையும் நினைவில் வைத்துக்கொண்டவன் நான். ஐந்து பேர் என்ன பெரிய விஷயம் என்று நினைத்துவிட்டேன்.

“மொதல்ல யாரும்மா?”

“மொதல்ல நீதான். பின்ன யாரு?”

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. எதிலும் முதலில் வந்து பழக்கமில்லாதவன். மறுப்பு சொல்லாமல் என் எண்ணை ஏற்றினேன்.

“ரெண்டாவது?”

“குடியாத்தம் மாமா.”

“அவரு குடியாத்தத்துல இருக்காரும்மா.”

“எனக்குத் தெரியாதா? கூடப் பொறந்த அண்ணன். அவர உட்டுட்டு வேற யாரனா போட்டா நாள பின்ன மூஞ்சில முழிக்க முடியுமா?”

மூன்றாவது, திருப்பத்தூரில் இருக்கும் என் தங்கை. நான்காவது, தங்கையைப் போட்டுவிட்டதால் தங்கையின் மாமியார். அம்மா ஆபத்துக்கு ஆள் கூப்பிடவில்லை, காதுகுத்துக்கு அழைத்துக்கொண்டிருந்தாள். யாருக்கு முதலில் வெற்றிலை பாக்கு, யாருக்கு அப்புறம் என்கிற வரிசை அது. பக்கத்து வீட்டு அத்தை ஐந்தாவதாக வந்தாள். அதுவும் இடம் காலியாக இருந்ததால்.

“அத்தைதானேம்மா உன்னத் தூக்குனாங்க?”

“தூக்குனா. அதுக்குன்னு அண்ணனுக்கு முன்னால போட முடியுமா? நாலு எழுத்து படிச்சவன் பேசற பேச்சா இது?”

நாலு எழுத்து படித்தவன் வாயை மூடிக்கொண்டு, சொன்னதைச் சொன்னபடி ஏற்றினான். முதலிடம் எனக்குத்தான் என்பதால் மற்ற இடங்களைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படவில்லை என்பதும் உண்மை.

சோதித்துப் பார்க்க வேண்டும். அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, கழுத்தில் வில்லையை மாட்டி, “அழுத்தும்மா” என்றேன்.

“நான்தான் விழலியே.”

“விழுந்த மாதிரி நெனச்சிக்கோ.”

“நெனச்சா விழுந்துடுவேன்டா.”

“சரி, ஒண்ணும் நெனைக்காத. அழுத்து.”

அழுத்தினாள்.

கையேட்டில் ஒரு வரியை நான் படிக்காமல் தாண்டியிருக்கிறேன். எண்களைக் கூப்பிடுவதற்கு முன்னால், அக்கம்பக்கத்தாரை உஷார்ப்படுத்த அந்தத் தொலைபேசி ஓர் ஒலி எழுப்புமாம். அடித்தொண்டையில் ஆரம்பித்து, மெல்ல மெல்ல ஏறி, உச்சியில் போய் நின்று, நீளமாக ஊளையிட்டது. அதைத் தயாரித்தவர்கள் கோலார் தங்க வயல் பக்கம் வந்திருக்கவே மாட்டார்கள். வந்திருந்தால் வேறு எந்தச் சத்தத்தை வேண்டுமானாலும் வைத்திருப்பார்கள், அதை மட்டும் வைத்திருக்க மாட்டார்கள்.

அது அச்சு அசல் சங்கு. சுரங்கம் ஓடிய காலத்தில் ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் சங்கு ஊதும். ஊரே அதை வைத்துத்தான் சோறு வடிக்கும், தூங்கும், பிள்ளைகளைப் பள்ளிக்குத் துரத்தும். நேரம் கெட்ட நேரத்தில் ஊதினால் மட்டும் அதற்கு ஒரே அர்த்தம், கீழே ஏதோ ஆகிவிட்டது. யார் வீட்டு ஆள் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. அடுப்பை அணைத்துவிட்டு, கதவைச் சாத்தாமல், அப்படியே சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாசலுக்குப் போய் நிற்க வேண்டும். கேஜ் மேலே வரும். யார் இறங்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும். கதவைச் சாத்திவிட்டுப் போனால் ஆகாது என்பார்கள்.

சங்கு ஊதி வருஷக்கணக்காகிறது. ஆனால் அன்றைக்கு எங்கள் லைனில் எல்லாக் கதவுகளும் ஒரே மூச்சில் திறந்தன. பக்கத்து வீட்டு அத்தை ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி எங்கள் வாசலைக் கடந்து ஓடினாள். உள்ளே ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. கடைசி வீட்டு மாமா, கேஜை ஏற்றி இறக்கும் இன்ஜினை ஓட்டி ஓய்வு பெற்றவர், சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். ஆபத்து என்று அலறியதும் ஆபத்தில் இருப்பவளைத் தனியே விட்டுவிட்டு ஊரையே கிளப்பிக்கொண்டு போகும் ஒரு கருவியை நான் வாங்கியிருந்தேன்.

இதை எல்லாம் நான் எங்கிருந்து பார்த்தேன் என்றால், தெருவில் நின்றுகொண்டு. எப்போது வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. காலில் செருப்பு இருந்தது. சட்டைப் பையில் போன் அடித்தது. இந்த நேரத்தில் எவன் என்று எரிச்சலோடு துண்டித்தேன். துண்டித்த பிறகுதான் பெயரைப் பார்த்தேன். ‘அம்மா அபாயம்’ என்று நானே பதிந்து வைத்திருந்தேன்.

முதல் எண் கைவிட்டதால் தொலைபேசி கடமை தவறாமல் இரண்டாவது எண்ணுக்குப் போயிருக்கிறது. குடியாத்தம் மாமா எடுத்திருக்கிறார். அவர் காதில் விழுந்தது இங்கே தெருவில் கேட்ட கூச்சல் மட்டும். யாரும் பேசவில்லை. அவர் உடனே திருப்பத்தூருக்குச் சொல்ல, திருப்பத்தூர் மாமியாருக்குச் சொல்ல, அன்று மாலைவரை எனக்கு வந்த துக்க விசாரிப்புகளுக்குப் பதில் சொல்லி மாளவில்லை. “எப்பப்பா எடுக்கறாங்க?” என்றுகூட ஒருவர் கேட்டார். அம்மா போனைப் பிடுங்கி, “எடுக்கறப்ப நானே சொல்றேன்” என்று வைத்தாள்.

அதற்கு முன்னால் லைன்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

“எவன்டா சங்கு ஊதுனது?” என்று கடைசி வீட்டு மாமா பாதி வழியிலிருந்து திரும்பி வந்து கேட்டார்.

“நான்தான் மாமா. அம்மாவுக்காக.”

“உங்கம்மாவுக்கு இன்னா?”

“ஒண்ணும் ஆகல.”

“ஒண்ணும் ஆவலன்னு ஊரக் கூட்டிச் சொல்ற மொத ஆளு நீதான்டா.”

அத்தை மூச்சு வாங்க வந்து எங்கள் படியில் உட்கார்ந்தாள். “சுரங்கத்தையே மூடிட்டானுங்க. எங்கூட்டு ஆளு செத்தும் போயிட்டாரு. நான் எவனப் பாக்க ஓடறேன்னு எனக்கே தெரில. லூசு மாதிரி ஓடறேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்காமல், கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள்.

அவர்கள் போன பிறகு உள்ளே வந்தேன். அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பொத்தானை அழுத்தியவளே அவள்தான். அப்படியும் எழுந்து போய் அடுப்பை அணைத்திருக்கிறாள்.

“கையி தானா அணைச்சிடுச்சிடா” என்றாள். பிறகு, “உங்கப்பா ஒவ்வொரு வாட்டியும் மேல வந்துட்டாரு. நான் நிக்கறதப் பாத்துட்டு, எதுக்குடி இங்க வந்தேன்னு கேப்பாரு. கொழம்புக்கு உப்பு இல்ல, அதச் சொல்ல வந்தேம்பேன்.”

தொலைபேசியைத் திருப்பி, அந்த ஒலியை நிறுத்துவது எப்படி என்று கையேட்டில் தேடினேன். எழுத்துகள் சரியாகத் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்ட பிறகும் சரியாகத் தெரியவில்லை.

ஒலி நின்றது. அடுத்த சிக்கல் மறுநாள் காலையில் வந்தது. அம்மாவின் கழுத்தில் வில்லை இல்லை. காலண்டர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

“கழுத்துல போடலியா?”

“ஊட்லதான கீறேன்?”

“அதுக்கு?”

“அய்யே, உங்கப்பா டோக்கன் ஆணில தொங்குச்சின்னா ஆளு மேல வந்துட்டாருன்னு அர்த்தம். நான் நல்லாத்தான கீறேன். நல்லா இருக்கறப்ப எவனா டோக்கன மாட்டிகினு திரிவானா?”

அப்பா கீழே இறங்கும்போது கொண்டுபோகும் பித்தளை டோக்கன் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அது வீட்டு ஆணியில் தொங்கும் நேரம்தான் அம்மா நிம்மதியாகச் சாப்பிடும் நேரம். இந்தச் சிவப்பு வில்லையும் ஆணியில் தொங்குவதைப் பார்க்கத்தான் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கிறது. கையேட்டில் எல்லாத் தவறுகளுக்கும் படம் போட்டு விளக்கியிருந்தார்கள். இதற்குப் படம் இல்லை.

வாதாடிப் பயனில்லை என்று தெரிந்ததால் வேறு வழியில் போனேன். “குளியலறைக்குப் படி எறங்கறியா?”

“எறங்கறேன்.”

“எறங்கறவங்க டோக்கன் இல்லாம எறங்கலாமா?”

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் பிறந்ததிலிருந்து சொன்னவற்றில் அர்த்தமுள்ள முதல் வாக்கியம் அதுதான் போலிருக்கிறது. ஆணியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு குளிக்கப் போனாள். திரும்பி வந்ததும் ஆணியில் மாட்டினாள். “மேல வந்துட்டேன்” என்று அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள். அவள் விழுந்தது குளியலறையில்தான் என்பதால் நான் அதோடு திருப்தி அடைந்தேன்.

திங்கட்கிழமை விடியற்காலை ரயிலில் கிளம்பும்போது கடைசிச் சோதனை ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனேன். குளிக்க இறங்கும்போது ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். நான் எங்கிருந்தாலும் எடுத்துப் பேசுவேன். அப்போதுதான் எனக்கு வேலையில் மனம் ஓடும்.

வண்டியில் உட்கார இடம் கிடைக்கவில்லை. கிடைத்ததே இல்லை. கதவோரம் நின்றபடி போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். பங்காருபேட்டை தாண்டியது. அழைப்பு வரவில்லை. பாறைக் குன்றுகள் வந்தன, போயின. அழைப்பு வரவில்லை. வழக்கம்போல் மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். வெகுநேரம் கழித்து நானே கூப்பிட்டேன்.

“அழுத்தலியாம்மா?”

“அழுத்துனனே. ஒரு பொண்ணு எடுத்துச்சி.”

“எந்தப் பொண்ணு?”

“உன் போனுக்குள்ள இருக்கறாளே, அவதான். கன்னடத்துல ஒரு வாட்டி சொன்னா, இங்கிலீஷுல ஒரு வாட்டி சொன்னா. நீ கவரேஜுக்கு வெளிய கீறியாம். நல்ல மரியாதையான பொண்ணு. அப்புறமா கூப்புடச் சொன்னா.”

“அதுக்கப்புறம் மாமாவுக்குப் போச்சா?”

“யாருக்கும் போவல. அவ பேசி முடிச்சா, இதுவும் கம்முனு ஆயிடுச்சி. நானும் குளிச்சிட்டு வந்துட்டேன்.”

அந்தக் கருவிக்கு ஒரு குரல் கேட்டால் போதும், ஆள் கிடைத்தாயிற்று என்று அர்த்தம். முதல் எண்ணில் பதிவு செய்த குரல் ஒலித்ததுமே அது தன் வேலை முடிந்ததென்று ஓய்வெடுக்கப் போய்விட்டது. அம்மா உண்மையிலேயே ஈரத்தரையில் கிடந்திருந்தால், அவள் மகன் எட்டும் தொலைவில் இல்லை என்று இரண்டு மொழிகளில் பணிவோடு தெரிவித்திருப்பார்கள். மற்ற நாலு பேருக்கும் மணி அடித்திருக்காது. முதல் எண்ணாக நான் இருப்பதால் அம்மாவுக்குக் கிடைத்த நன்மை இதுதான். ஊருக்கு வந்து போகும்போது ரயிலில், மற்ற நேரத்தில் கூட்டங்களில் போனை அணைத்துவிட்டு, இரவில் அதைக் கூடத்தில் சார்ஜில் போட்டுவிட்டு அறையில் தூங்குகிறவன் நான். எடுத்தாலும் என்ன செய்வேன்? பெங்களூரிலிருந்து கையை நீட்டித் தூக்குவேனா?

எல்லாம் தெரிந்தும் முதலிடத்திலிருந்து இறங்குவது எளிதாக இல்லை. வாரம் முழுவதும் எனக்கு நானே காரணங்கள் சொல்லிப் பார்த்தேன். வேறு நிறுவனத்தின் சிம் வாங்கலாம். வேறு ரயிலில் போகலாம். மனைவி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “உங்களுக்கு உங்க அம்மா நல்லா இருக்கணுமா, நீங்க மொதல்ல இருக்கணுமா?” என்றாள். எங்கள் வீட்டில் நகைச்சுவை எழுதுகிறவன் நான். சுருக்கென்று பேசுகிறவள் அவள்.

சனிக்கிழமை போய் விஷயத்தைச் சொன்னேன். நான் ஐந்தாவது, பக்கத்து வீட்டு அத்தை முதல். நடுவில் லைன்காரர்கள் மூன்று பேர். குடியாத்தமும் திருப்பத்தூரும் வேண்டாம்.

“மவன கடைசில போட்டா ஊரு இன்னா பேசும்?”

“ஊருக்கு எப்படித் தெரியும்?”

“நான் சொல்லுவேனே.”

“அம்மா, நான் முதல்ல இருந்தா உனக்கு உதவி வராது. உதவி வரலன்னா மாசம் முடிஞ்சதும் நீ பெங்களூர். நான் கடைசில போனா நீ இங்க. எது வேணும்?”

அம்மா எழுந்து போய்ச் சுவரைத் தட்டினாள். “மே! இங்க வா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணுமாம், இவன்.”

அத்தை வந்தாள். விவரம் கேட்டாள்.

“எனக்கு எதுக்குப்பா போனு? செவுத்தத் தட்டுனா வந்துடப் போறேன். இப்ப வர்ல?”

“பின்பக்கத்துலருந்து தட்ட முடியாதே அத்தை. அதான்.”

“மொதல்ல நானா?” அத்தை அம்மாவைப் பார்த்தாள். “உங்க அண்ணன் கோவிச்சிக்கமாட்டாரா?”

“கோவிச்சிக்கட்டும்” என்றாள் அம்மா. “அவரு எனக்காக என்னிக்கு டிரம்ம நவுத்துனாரு?”

“நீ நவுத்துனா போதும்க்கா. நான் எதுக்கு அதச் சொல்றேன்...”

“ஆரம்பிச்சிட்டியா?”

அவர்கள் டிரம்மைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் நான் என் எண்ணை அழித்தேன். ‘முதல் எண்ணை நீக்கவா?’ என்று தொலைபேசி ஒருமுறைக்கு இருமுறை கேட்டது. அதற்காவது வருத்தம் இருந்ததே என்று ஆறுதலாக இருந்தது. அத்தையின் எண்ணை ஏற்றி, அவள் போனில் மணிச் சத்தத்தைப் பெரிதாக்கி, அரிசி டப்பா மேலேயே எப்போதும் வைத்திருக்கும்படி கேட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு சில நாள் கழித்து ஒரு காலை நேரம். நான் அலுவலகத்தில் ஏதோ கூட்டத்தில் இருந்தேன், போனை அணைத்துவிட்டு. மாலையில் அம்மாவைக் கூப்பிட்டால் பக்கத்தில் அத்தையின் குரல் கேட்டது.

“இன்னிக்கி கொஞ்சம் காலு பெரட்டிகிச்சி” என்றாள் அம்மா.

“எங்க?”

“அதே படிலதான். எழுந்துக்க முடியல. டோக்கன அழுத்துனேன். இவ வந்துட்டா.”

“எவ்வளவு நேரத்துல?”

“நேரமா? ‘உனக்கு எத்தினி வாட்டி சொல்றது, பாசி புடிச்ச படில பாத்து எறங்குன்னு’ அப்டின்னு அங்கருந்தே கத்திகினே வந்தா. வழியெல்லாம் திட்டு. கடைசி ஊட்டு மாமா ஆட்டோ புடிச்சி ஆண்டர்சன்பேட்டைல டாக்டருகிட்ட இட்டுகினு போனாரு. கட்டு போட்டுகீது. எலும்பு ஒண்ணும் ஆவலயாம்.”

“எனக்கு யாருமே சொல்லலியே.”

“அஞ்சு வரைக்கும் போவலடா. மொதல்லயே முடிஞ்சிடுச்சி.” பிறகு குரலைத் தணித்து, “நீ சாப்டியா?” என்றாள்.

சாப்பிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டு அன்று வெகுநேரம் பால்கனியில் நின்றேன். அம்மாவுக்கு உதவி கிடைத்தது, நான் தேவைப்படவில்லை. முன்னதற்கு மகிழ்ச்சியும் பின்னதற்கு வருத்தமும் ஒரே ஆளுக்கு ஒரே சமயத்தில் வந்தால் அவன் மூஞ்சி எப்படி இருக்கும் என்று கண்ணாடிக் கதவில் பார்த்தேன். பார்க்கச் சகிக்கவில்லை.

மாதம் முடிந்த சனிக்கிழமை போனேன். ஒப்பந்தப்படி தீர்ப்புச் சொல்ல வேண்டிய நாள். கருவி வேலை செய்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் காலில் கட்டோடு அவளைப் பார்த்ததும் ஒப்பந்தத்தை நானே மீறிவிடலாமா என்று தோன்றியது. வாயைத் திறந்தேன். “அம்மா, கால் ஆறற வரைக்குமாவது அங்க...”

அதற்குள் அத்தை உள்ளே வந்தாள். கையில் ஓர் அட்டைப் பெட்டி. அதே தொலைபேசி, அதே சிவப்பு வில்லை.

“ஓசூர்ல இருக்கறாளே எம்பொண்ணு, அவ வாங்கி அனுப்பிகீறா. உங்கம்மாவுது மாதிரியே வேணும்னு கேட்டேன். அவளும் வந்துடு வந்துடுன்னு உயிர வாங்கறா. நீயே எல்லாம் போட்டுக் குட்துட்டுப் போப்பா.”

உட்கார்ந்து பிரித்தேன். முதல் வேலையாகச் சங்கை நிறுத்தினேன். “மொதல்ல யாரு அத்தை? பொண்ணா?”

“பொண்ண கடைசில போடு. பாவம், அவளுக்கும் ஒரு எடம் வேணுமில்ல.” அத்தை அம்மாவைத் தாடையால் சுட்டினாள். “மொதல்ல இவ.”

நான் அம்மாவின் கட்டுப்போட்ட காலைப் பார்த்தேன். அம்மா அதைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“இன்னா பாக்கற? காலுதான் பெரண்டுச்சி. கத்தி நாலு பேரக் கூட்டறதுக்குக் காலு எதுக்கு?” என்றாள். பிறகு அத்தைக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாக, “இப்ப சொல்லு. நான் பெங்களூர் வந்துட்டா இவ அழுத்துனா யாரு வருவா? உன் போனுக்குள்ள இருக்கறாளே, அவளா?”

திறந்த வாயை மூடிக்கொண்டேன். அம்மாவின் எண்ணை முதலாவதாக ஏற்றினேன்.

அத்தை தன் வீட்டுக்குப் போய்ச் சோதித்துப் பார்ப்பது என்று ஏற்பாடு. நான் அவளுடைய தொலைபேசியைக் கொண்டுபோய் அங்கே பொருத்தி, வில்லையை மாட்டிவிட்டு, அழுத்தச் சொல்லிவிட்டு, எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தேன். மேசைமேல் அம்மாவின் தொலைபேசி அடித்தது. அம்மா புடவையைச் சரிசெய்துகொண்டு, ஒரு பதவி ஏற்பதுபோல் எடுத்தாள்.

“இன்னாமே? இன்னா ஆச்சி?”

“ஒண்ணும் ஆவலக்கா. சும்மாத்தான்.” அத்தையின் குரல் தொலைபேசியிலும் சுவர் வழியாகவும் ஒரே நேரத்தில் கேட்டது.

“சாப்டியா?”

“எங்க, இப்பத்தான் ஒலை வச்சிகீறேன். நீ?”

“இவன் வந்துகீறான். கறி எடுத்தாரச் சொல்லணும். உனக்கும் சேத்துதான் ஆக்கறேன், நீ கொழம்பு வைக்காத.”

“உப்பு பாத்துப் போடுக்கா. போன வாட்டி வாயில வைக்க முடில.”

“வைக்க முடியாததத்தான் ரெண்டு வாட்டி வாங்கித் துன்னியா?”

சோதனை முடிந்தது, வைத்துவிடலாம் என்று கையைக் காட்டினேன். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. நான் கறிக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.